ரூபவாஹினி தெரிந்த இரவுகளும் ரேடாரை ஏமாற்றும் காற்றும்

எண்பதுகளில் சென்னையில் டிவி வைத்திருந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். தூர்தர்ஷனில் வேளாண்மை நிகழ்ச்சி ஓடும். வீட்டில் ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் தெற்குப் பக்கம் திருப்புவார். கீழே இருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... போதும் போதும்... போச்சு!" என்று கத்துவார். சில நாள் வெறும் புள்ளிதான் தெரியும். சில நாள், முக்கியமாகக் கோடைக்கால இரவுகளில், பக்கத்துத் தெருவிலிருந்து ஒளிபரப்பாவதைப் போல இலங்கையின் ரூபவாஹினி பளிச்சென்று தெரியும்!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ரூபவாஹினி வந்தது 1982 பிப்ரவரியில். அதன் முக்கிய டிரான்ஸ்மிட்டர் இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் இருந்தது. "அவ்வளவு உயரத்தில் வைத்தால் சென்னை வரைக்கும் தெரியாதா என்ன?" என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியாது. அந்த உயரத்திலிருந்து கிளம்பும் அலை, பூமியின் வளைவைத் தொட்டுக்கொண்டு போகக்கூடிய தூரம் ஏறத்தாழ 207 கிலோமீட்டர். பெறும் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னொரு 13 கிலோமீட்டர் சேரும். மொத்தம் 220. ஆனால் பிதுருதலாகலையிலிருந்து சென்னை 670 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்து மக்களுக்கு இலங்கை நெருக்கம். சென்னைக்கு அந்தச் சலுகை கிடையாது.

மீதி 450 கிலோமீட்டரை அந்த அலை எப்படிக் கடந்தது? விடை காற்றில் இருக்கிறது. அதே காற்றுதான் கடலோர ரேடார்களையும் இன்றுவரை ஏமாற்றி வருகிறது. அந்த ஏமாற்று வேலையை முன்கூட்டியே கண்டுபிடிக்க, மழை வருமா வராதா என்று சொல்லும் வானிலைக் கம்ப்யூட்டர் மாடல்களையே விஞ்ஞானிகள் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அந்த வரலாறு சுவாரஸ்யமானது.

பம்பாயில் தெரிந்த அரேபியா

இரண்டாம் உலகப் போர்க் காலம். பம்பாயில் ஆங்கிலேயர்கள் ஒரு ரேடார் வைத்திருந்தார்கள். அது 200 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. பம்பாயைச் சுற்றி வரும் கப்பல்களையும் விமானங்களையும் பார்ப்பதுதான் அதன் வேலை. ஆனால் கோடை மாதங்களில் அதன் திரையில் விசித்திரமான எதிரொலிகள் தெரிந்தன. ஆராய்ந்து பார்த்தால், அவை அரபிக் கடலுக்கு அந்தப் பக்கம், ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த அரேபியக் கரையின் எதிரொலிகள்! தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இந்த ஜாலம் மறைந்துபோனது.

ரேடாரில் கோளாறு எதுவும் இல்லை, காற்றுதான் காரணம் என்பது விஞ்ஞானிகளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. போர் முடிந்த பிறகு 1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்து நூல் வரிசையில் டொனால்ட் கெர் தொகுத்த புத்தகம் வெளிவந்தது. சிற்றலைகள் காற்றில் பரவும் விதம் பற்றிய அந்தப் புத்தகத்தில் பம்பாய் ரேடாரின் கதைக்கும் இடம் கிடைத்தது. இந்தத் துறையில் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உதாரணம் நம் நாட்டுக் கரையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1946, 47-ல் நியூசிலாந்தின் கேன்டர்பரி கரையில் இதற்கென்றே தனி ஆய்வு நடந்தது. நிலத்திலிருந்து வறண்ட சூடான காற்று கடல்மேல் போகும்போது என்ன ஆகிறது என்று அங்கே அளந்தார்கள். அதே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில் செய்த சோதனைகள் இன்னொரு உண்மையைக் காட்டின. கடல் நீர் ஆவியாவதாலேயே நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய "அலைக் குழாய்" எப்போதும் இருக்கிறது என்பதுதான் அது.

காற்றில் ஒரு குழாய்

அது என்ன அலைக் குழாய்?

தார் ரோட்டில் தெரியும் கானல் நீர் எல்லோருக்கும் தெரியும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது ஒளி வளைகிறது. ரேடியோ அலையும் அப்படித்தான் வளையும். ஒரே ஒரு வித்தியாசம், ரேடியோ அலைக்கு வெப்பத்தைவிட ஈரப்பதம் ரொம்ப முக்கியம்.

காற்று அலையை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்ல 'விலகல் எண்' என்று ஒன்று உண்டு. அழுத்தம், வெப்பநிலை, நீராவி ஆகிய மூன்றும் தெரிந்தால் இதைக் கணக்கிடலாம். ஸ்மித், வைன்ட்ராப் இருவரும் 1953-ல் கொடுத்த சூத்திரம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சாதாரண நாளில் மேலே போகப் போக இந்த எண் கிலோமீட்டருக்கு 40 வீதம் குறையும். அப்போது அலை லேசாகக் கீழ்நோக்கி வளையும், ஆனால் பூமியின் வளைவு அதைவிட அதிகம் என்பதால் அலை தரையை விட்டு விலகி விண்வெளிக்குப் போய்விடும். எண் கிலோமீட்டருக்கு 157-க்கு மேல் குறைந்தால் கதை மாறுகிறது. அலை பூமியைவிட அதிகமாக வளைந்து, கீழே வந்து, கடலில் பட்டு எழும்பி, மறுபடி வளைந்து... இப்படியே போய்க்கொண்டே இருக்கும். குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி!

இது நம்ம ஊரில் நடக்கக்கூடியதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மே மாதம், கத்திரி வெயில். பகலில் மேற்கிலிருந்து நிலத்துக் காற்று வறண்டு கொதித்து வருகிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று அதற்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. கடற்காற்றில் வெப்பம் 30 டிகிரி, நீராவி அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் விலகல் எண் ஏறத்தாழ 380. நூறு மீட்டர் மேலே வறண்ட காற்றில் 34 டிகிரி, நீராவி அழுத்தம் பாதியாகி 15 என்று வைத்துக்கொண்டால் எண் ஏறத்தாழ 311. நூறு மீட்டரில் 69 குறைந்துவிட்டது. குழாய் உருவாக 16 குறைந்தாலே போதும்! நீராவி பாதியானதுதான் இதற்கு முக்கியக் காரணம். வெப்பம் கூடியதால் வந்த பங்கு கொஞ்சம்தான்.

குழாய் உருவானால் மட்டும் போதாது, அலையின் நீளத்துக்கு ஏற்ற தடிமன் வேண்டும். பத்து சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடாருக்கு ஏறத்தாழ 25 மீட்டர் தடிமன் போதும். பம்பாய் ரேடாரின் 200 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேண்டும். டிவியின் வி.எச்.எஃப் மேல்வரிசையும் (174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ்) கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ரூபவாஹினி எல்லா இரவிலும் சென்னைக்கு வரவில்லை. அவ்வளவு தடிமனான குழாய் அவ்வளவு தூரத்துக்கு அறுந்துபோகாமல் அமைந்த இரவுகளில் மட்டும் வந்தது. மழையும் பலத்த காற்றும் வந்தால் காற்றடுக்குகள் கலங்கி, குழாய் உடைந்துவிடும்.

ஒற்றை பலூனை நம்பிய காலம்

அலை எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கடற்படைக்கு எவ்வளவு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1970-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை, கப்பலிலேயே கணக்குப் போடும் கம்ப்யூட்டர் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. கப்பலிலிருந்து ஒரு பலூன் விடுவார்கள். அது மேலே போகும்போது வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் ரேடியோ மூலம் அனுப்பும். அதை வைத்து ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், எங்கே பார்க்காது என்று படம் போடுவார்கள்.

சென்னையிலும் பலூன் உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை காலையும் மாலையும் விடுகிறது. ஆனால் இதில் மூன்று குறைகள். பலூன் நிலத்திலிருந்து கிளம்புகிறது, குழாயோ கடல்மேல் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் அளவு கிடைக்கும், கடற்காற்றோ நடுவில் வந்து போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பலூன் சொன்னதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் இந்த நினைப்பு ஓரளவு சரி. கரையோரத்தில் அது சுத்தத் தப்பு. நிலமும் கடலும் சந்திக்கிற இடத்தில் பத்து கிலோமீட்டருக்குள் காற்றின் குணம் மாறிவிடும்.

மாடல்கள் வந்த கதை

காற்றின் போக்கைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்ற கனவு பழையது. 1922-ல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் இருந்த வானிலையைக் கையாலேயே கணக்குப் போட்ட கதையைப் புத்தகமாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை! ஆனாலும் வழி சரியானது. 1950-ல் ஜூல் சார்னியும் நண்பர்களும் எனியாக் கம்ப்யூட்டரில் முதல் எண்முறை முன்னறிவிப்பைச் செய்தார்கள். 24 மணி நேர முன்னறிவிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது.

1990-களில் கம்ப்யூட்டர்கள் வேகமானதும், கடற்கரையையும் கடற்காற்றையும் தனியாகப் பார்க்கக்கூடிய நுண் மாடல்கள் வந்தன. அப்போதுதான் ஒரு எளிய விஷயம் சிலருக்கு உறைத்தது. மாடல் ஏற்கெனவே வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு உயரத்திலும் கணக்கிடுகிறது. விலகல் எண்ணுக்கு வேண்டியதும் அதே மூன்றுதான்! ஒற்றை பலூனுக்குப் பதில் ஆயிரக்கணக்கான கற்பனை பலூன்கள் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

1997-ல் பர்க், தாம்சன் இருவரும் தெற்குக் கலிஃபோர்னியக் கரையோரக் கடலுக்கு இந்த முறையைப் பயன்படுத்தி ஆய்வு வெளியிட்டார்கள். பாரசீக வளைகுடாவில் 1996 ஏப்ரலில் எடுத்த கடற்படை அளவுகளை வைத்து, அங்கே பாலைவனக் காற்று கடலைத் தாண்டும்போது குழாய் எப்படி உருவாகிறது என்று இன்னொரு குழு மாடலில் பார்த்தது. 2000-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் ஹெலிகாப்டரும் படகும் வைத்துக் காற்றை அளந்து, கூடவே ரேடாரையும் இயக்கினார்கள். அந்த அளவுகளோடு பல நாட்டு மாடல்களை ஒப்பிட்டு 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. 2004-ல் வான் எங்கெல்ன், டெஷேரா இருவரும் ஐரோப்பிய வானிலை மையத்தின் தரவுகளிலிருந்து உலகம் முழுவதற்குமான குழாய் வரைபடத்தையே தயாரித்துவிட்டார்கள்.

மாடல் காற்றைச் சொல்லும். அந்தக் காற்றில் அலை எப்படிப் போகும் என்று சொல்ல வேறு கணிதம் வேண்டும். அதற்கான பரவளையச் சமன்பாட்டை 1946-ல் ரஷ்யாவின் லியோன்டோவிச், ஃபோக் இருவரும் கொடுத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வேகமாகத் தீர்க்கும் வழியை 1973-ல் ஹார்டின், டாப்பர்ட் இருவரும் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்தால், நாளை மாலை ஆறு மணிக்கு இந்த ரேடார் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று இன்றே சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம், ஆனால் எப்போதும் சரியாக இருக்காது. கடல் நீர் ஆவியாவதால் வரும் குழாய் சில மீட்டரிலிருந்து நாற்பது மீட்டர் வரைதான் இருக்கும். மாடலின் கீழ் அடுக்குகளுக்குள் அது ஒளிந்துகொள்ளும். அதற்கு மானின், ஒபுகோவ் 1954-ல் தந்த காற்றடுக்குக் கோட்பாட்டை வைத்துத் தனிக் கணக்குப் போட வேண்டும். மேலே உள்ள கூர்மையான மாற்றங்களையும் மாடல்கள் மழுங்கடித்துவிடும். கடல்நீரின் வெப்பத்தைக் கொஞ்சம் தப்பாகக் கொடுத்தாலும் குழாய் காணாமல் போகலாம்.

வடக்குப்பட்டுக்கு எந்தக் காற்று?

இந்தக் குறையைப் புரிந்துகொள்ள ஒரகடம் பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டு நல்ல உதாரணம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ஆதிமனிதனின் கற்கருவிகளும், மேலடுக்கில் ரோமானிய ஜாடிச் சில்லுகளும் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. கடலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் கடலோடு உறவுள்ள ஊர் அது. இன்று சுற்றிலும் கார் கம்பெனிகளும் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளும் இருக்கின்றன. கோடையில் கடற்காற்று அங்கே சாயங்காலமாக வந்து சேர்ந்தால் அன்றைய புழுக்கம் கொஞ்சம் அடங்கும். வராத நாளில் ராத்திரியும் வேகும்.

ஐரோப்பிய மையத்தின் புகழ்பெற்ற 'ஈரா-5' என்ற மறு ஆய்வுத் தரவில் ஒரு கட்டத்தின் அகலம் 31 கிலோமீட்டர். அதாவது கோவளம் கடற்கரையும் வடக்குப்பட்டும் கிட்டத்தட்ட ஒரே கட்டம்! கடற்காற்றின் முகப்பு கேளம்பாக்கத்தில் நிற்கிறதா, வண்டலூரைத் தாண்டிவிட்டதா என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. நம் நாட்டின் தேசிய நடுத்தர வானிலை முன்னறிவிப்பு மையம் (1988-ல் தொடங்கியது) பிரிட்டனோடு சேர்ந்து 12 கிலோமீட்டர் கட்டத்தில் இந்தியாவுக்கென்று ஒரு மறு ஆய்வுத் தரவு தயாரித்தது. அதில் கரைக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று கட்டங்கள் கிடைக்கும். கடற்காற்றை ஒழுங்காகப் பார்க்க ஒன்றிரண்டு கிலோமீட்டர் கட்டம் வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன?

டிவி பார்க்கிறவர்களுக்குக் குழாய் ஒரு லாட்டரி. ரேடார் பார்க்கிறவர்களுக்கு அது தலைவலி. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-ல் நாட்டின் வானிலைத் துறைக்கான முதல் டாப்ளர் ரேடார் வந்தது. இந்த மாதிரிக் கடலோர ரேடாரின் கற்றை குழாயில் மாட்டினால், மேகத்துக்குப் போக வேண்டிய அலை கடல் அலைகளிலும் கப்பல்களிலும் பட்டுத் திரும்பும். துளி மேகம் இல்லாத வானத்தில் திரையில் மழை பெய்யும்! இதை நீக்காமல் அப்படியே கணக்கில் சேர்த்தால் மழை அளவு தப்பாகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரேடார் ஒரு துடிப்பு அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். நொடிக்கு ஆயிரம் துடிப்பு என்றால் 150 கிலோமீட்டருக்குள் இருப்பதை மட்டும்தான் குழப்பமில்லாமல் சொல்ல முடியும். குழாய் புண்ணியத்தில் 200 கிலோமீட்டரிலிருந்து ஒரு எதிரொலி வந்தால், அது அடுத்த துடிப்பின் எதிரொலி என்று எண்ணி 50 கிலோமீட்டரில் காட்டிவிடும். இல்லாத இடத்தில் ஒரு படகு! இதற்கு நேர் எதிராக, குழாய்க்குச் சற்று மேலே அலையே போகாத ஓட்டையும் விழும். அங்கே உண்மையிலேயே இருப்பது தெரியாது.

2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடத்தியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகு நாட்டின் கரை நெடுகக் கண்காணிப்பு ரேடார்கள் நிறுவப்பட்டன. அதே கடலில்தான் நம் மீனவர்களின் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும் ஓடுகின்றன. பாக் நீரிணையில் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கைப் பிரச்சினை. திரையில் தெரியும் புள்ளியை எந்த அளவு நம்பலாம் என்று அன்றைய காற்றைப் பார்த்துச் சொல்லும் ஒரு முன்னறிவிப்பு இருப்பது அவர்களுக்கும் நல்லது, காவல் காப்பவர்களுக்கும் நல்லது.

செல்போனும் தப்பவில்லை. ஒரே அலைவரிசையில் மாற்றி மாற்றிப் பேசியும் கேட்டும் இயங்கும் 4ஜி கோபுரங்களில், குழாய் வழியாக வந்த தூரத்துக் கோபுரத்தின் அலை பக்கத்துப் போனின் அலையை அமுக்கிவிடுவதைச் சீனாவின் கரையோரங்களில் பார்த்திருக்கிறார்கள். போன் செய்கிற ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்கு இது அந்நியமான விஷயம் இல்லை.

பழைய இரவுகளைத் திரும்பப் பார்க்கலாம்

கடைசியாக ஒரு செய்தி. ஈரா-5 தரவு 1940-லிருந்து மணிக்கு மணி இருக்கிறது. அதில் வெப்பம், மழை மாதிரியே "குழாயின் அடி உயரம்", "சிறைப்படுத்தும் அடுக்கின் மேல் உயரம்" என்று குழாய்க்கான அளவுகளும் தனியாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

அதாவது, 1980-களில் சென்னையில் ரூபவாஹினி பளிச்சென்று தெரிந்த ஒரு இரவின் தேதி யாருடைய பழைய டைரியிலாவது இருந்தால், அந்த இரவில் வங்கக் கடல்மேல் குழாய் இருந்ததா, அது எவ்வளவு தடிமன், பிதுருதலாகலையிலிருந்து சென்னை வரை தொடர்ந்ததா என்று பார்க்கலாம். கட்டம் பெரியது, அடுக்குகள் மழுங்கியவை என்பதை மறக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாடல் "இருந்தது" என்று சொல்லி டைரியும் "தெரிந்தது" என்று சொன்னால், அந்த மாடலை நாளைய ரேடாருக்கும் கொஞ்சம் நம்பலாம். டைரி "தெரிந்தது" என்று சொல்லி மாடல் "இல்லை" என்று சொன்னால், மாடலைத்தான் திருத்த வேண்டும்.

மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனா திருப்பியவர்கள் யாரும் விஞ்ஞானி இல்லை. ஆனால் வங்கக் கடலின் காற்றை அவர்கள் இரவு இரவாக அளந்திருக்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் தேதி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தகவல் எந்தப் பலூனிலும் பதிவாகவில்லை.